வால்வு சூடாகட்டும், தம்பி

மதுரை,
பங்குனி மாதம்.

அன்புள்ள தம்பிக்கு,

மேலூரிலிருந்து நீங்கள் எழுதிய நான்கு பக்கக் கடிதம் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கிட்டார், திருவிழாக் காலத்தில் ஆர்கெஸ்ட்ராவில் லீட், மற்ற நாட்களில் கணக்கு எழுதும் வேலை. இரண்டு வருடம் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில், பழைய பாணியில் செய்த சின்ன வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒன்றை வாங்க நினைக்கிறீர்கள். "இந்தக் காலத்துல யாராவது வால்வு செட்டு வாங்குவாங்களா?" என்று வீட்டில் கேட்கிறார்கள். அந்தச் சத்தம் செல்போனிலேயே வரும் என்று கூட வாசிக்கும் நண்பர் சொல்கிறார். வாங்கலாமா, வேண்டாமா, ஒரே வரியில் சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டு, அதற்குக் கீழே பதினொரு கேள்விகளையும் எழுதியிருக்கிறீர்கள்.

வாங்குங்கள். நீங்கள் கேட்ட ஒரு வரி அதுதான். பதினொரு கேள்விகளுக்கும் வரிசையாகப் பதில் சொல்ல எனக்கு வராது. எனக்குத் தெரிந்ததை என் போக்கில் சொல்கிறேன். இதே யோசனையில் இருக்கும் மற்றவர்களுக்கும் ஆகும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் சோழவந்தான். சித்தப்பா ரேடியோ செட் வைத்திருந்தார். மைக் செட்டை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, வைகாசியில் ஜெனகை மாரியம்மன் திருவிழா என்று எது வந்தாலும் முதல் நாள் சாயங்காலமே குழாய் ஸ்பீக்கரைக் கொண்டுபோய் வேப்பமரத்தில் கட்டிவிடுவார். கொடிக்காலில் வெற்றிலை கிள்ளுகிறவர்களுக்குப் பாட்டுக் கேட்டால்தான் ஊரில் விசேஷம் தொடங்கியது என்று அர்த்தம். ஆம்ப்ளிஃபயர் சாம்பல் நிற இரும்புப் பெட்டி. இரண்டு பேர் பிடித்துத்தான் தூக்க முடியும். முன்பக்கச் சல்லடைக்குள் நான்கைந்து கண்ணாடி வால்வுகள். சுவிட்சைப் போட்டதும் ஒன்றும் கேட்காது. "சூடாகட்டும்டா" என்று சொல்லிவிட்டுச் சித்தப்பா வெற்றிலை மடிக்க ஆரம்பிப்பார். கண்ணாடிக்குள் செம்மஞ்சளாக ஒரு கம்பி கனியத் தொடங்கும். அரை நிமிடம் போனால் குழாயில் மெல்லிய ஒரு 'ம்ம்'. அதற்குப் பிறகுதான் இசைத்தட்டில் முள் இறங்கும்.

1982இல் எனக்குப் பதினான்கு வயது. அந்த வருடம்தான் 'பயணங்கள் முடிவதில்லை' வந்தது. 'இளைய நிலா' பாட்டின் கிட்டாரைக் கேட்டு எத்தனை பையன்கள் கிட்டார் வாங்கினார்கள் என்பதற்குக் கணக்கில்லை. அதில் நானும் ஒருவன். கையில் இருந்தது பழைய கிவ்சன் மரக் கிட்டார். அதன் வாயில் ஒரு காந்த பிக்கப்பை மாட்டி, ஒயரைக் கொண்டுபோய்ச் சித்தப்பாவின் பெட்டியில் இசைத்தட்டுக்கான துளையில் செருகினேன். விரல் நுனியால் மெல்லத் தொட்டால் சுத்தமாகப் பேசியது. அழுத்தி அடித்தால் ஓசையின் ஓரம் கருகியது. கிழிந்த ஸ்பீக்கரின் கரகரப்பு எனக்குத் தெரியும், இது அது கிடையாது. வெல்லப்பாகு கொதித்து விளிம்புவரை பொங்கி, வழியாமல் நிற்குமே, அப்படி ஒரு தடிமன். அடித்த கம்பி நெடுநேரம் அடங்காமல் பாடியது.

"டேய், ஓவர்லோட் ஆகுது. அங்கிட்டு வால்யூமைக் குறை. யூனிட்டு போயிரும்" என்று சித்தப்பா கத்தினார். குறைத்துவிட்டேன். காதிலிருந்து மட்டும் அது போகவில்லை.

உலகத்துக் கிட்டார்காரர்கள் எல்லாம் காசு கொடுத்துத் தேடுகிற ஓசை அதுதான் என்று தெரிந்துகொள்ள எனக்குப் பல வருடம் ஆனது. தெரிந்தபோது இன்னொரு விஷயமும் சேர்ந்தே தெரிந்தது. அதை உங்கள் வீட்டாரிடம் அவசியம் சொல்லுங்கள்.

அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்தில் ஃபுல்லர்ட்டன் என்று ஓர் ஊர். அங்கே ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர் லியோ ஃபெண்டர். உங்களைப் போலக் கணக்கு வேலை பார்த்தவர். பொருளாதார மந்தத்தில் வேலை போனது. 600 டாலர் கடன் வாங்கி 1938இல் ஒரு ரேடியோ ரிப்பேர் கடை திறந்தார். ரேடியோ பழுது பார்ப்பார், மைக் செட் செய்து வாடகைக்கு விடுவார். ஊர்ப் பாட்டுக்காரர்கள் பழுதுக்குக் கொண்டுவந்த ஆம்ப்ளிஃபயர்களைத் திறந்து பார்த்துத்தான் இதைவிட நன்றாகச் செய்யலாம் என்ற எண்ணம் அவருக்கு வந்தது. கடைசிவரை அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. இன்று உலகம் முழுக்க 'பழைய பாணி' என்று சொல்லி விற்கிற ஆம்ப்புகளில் பல அவருடைய பெட்டிகளைப் பார்த்து வரைந்தவை. லண்டனில் டிரம் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல் 1962இல் முதல் ஆம்ப் செய்ய எடுத்துக்கொண்ட மாதிரியும் ஃபெண்டரின் பேஸ்மேன் ஆம்ப்தான். ஆக, இந்தப் பெட்டி ஏதோ அந்நிய விஞ்ஞானி ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடித்தது இல்லை. ரேடியோ செட் வாடகைக்கு விட்ட ஒரு மனிதரின் கடை மேசையில் பிறந்தது. என் சித்தப்பா மாதிரி ஒருவர் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்துக் கதைக்கும் அதற்கும் உறவு இன்னும் நெருக்கம். டீக்கடைப் பலகையில் உட்கார்ந்திருந்த மேசை ரேடியோ ஞாபகம் இருக்கிற பெரியவர்களைக் கேளுங்கள். பிலிப்ஸ், மர்ஃபி, புஷ் என்று பெயர் சொல்வார்கள். இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை அதில்தான் கேட்டது. அந்தக் காலத்து ரேடியோக்கள் பலவற்றில் ஸ்பீக்கருக்கு முன்னால் கடைசியாக நின்று ஓசையைத் தள்ளிய வால்வு இ.எல்.84. 1958இல் இங்கிலாந்தில் வாக்ஸ் கம்பெனி ஏசி15 என்ற கிட்டார் ஆம்ப்பை வெளியிட்டபோது அதில் போட்டதும் அதே வால்வை, இரண்டாக. நான்கு போட்டது ஏசி30. பீட்டில்ஸ் மேடையில் வைத்து வாசித்தது அதைத்தான். டீக்கடையில் நம் தாத்தாக்கள் செய்தி கேட்ட வால்வும் அந்தப் பையன்கள் பாட்டு வாசித்த வால்வும் ஒரே எண். பெங்களூரில் 1954இல் அரசு தொடங்கிய பாரத் எலக்ட்ரானிக்ஸ் 1961இலிருந்து ரேடியோ வால்வுகள் செய்தது. இ.எல்.84, ஈ.சி.சி.83 இரண்டும் அங்கே செய்தார்கள். 'பெல்' என்று முத்திரை குத்திய அந்த வால்வுகளை இன்று வெளிநாட்டில் கிட்டார் வாசிக்கிறவர்கள் தேடி வாங்குகிறார்கள். என் வீட்டில் இரண்டு இருக்கின்றன. அவற்றைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

வால்வுக்குள் நடப்பது இதுதான். காற்றை உறிஞ்சி எடுத்த கண்ணாடிக்குள் ஒரு கம்பி சூடாகி, அதைச் சுற்றிய குழலைச் சூடாக்குகிறது. குழல் மின்னணுக்களை ஆவி போல விடுகிறது. எதிரே இருக்கும் தகடு அவற்றை இழுக்கிறது. நடுவில் ஒரு வலை. உங்கள் கிட்டாரிலிருந்து வருகிற சின்னஞ்சிறு மின்சாரம் அந்த வலையில் ஏறி, வாய்க்கால் மடையைத் திறந்து மூடுவதுபோல் அந்த ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கிறது. மடையைத் திறப்பது ஒரு விரல்தான், பாய்வது கண்மாய்த் தண்ணீர். ஈ.சி.சி.83 வால்வின் ஒரு பாதிக்குப் பெருக்கும் எண் 100. அப்படி இரண்டு பாதிகள் ஒரே கண்ணாடிக்குள் இருக்கின்றன. நீங்கள் அழுத்தி அடிக்கும்போது ஓட்டம் தன் எல்லையைத் தொடுகிறது. டிரான்சிஸ்டர் எல்லையைத் தொட்டால் கத்தியால் நறுக்கியது போல் அலையின் தலையை வெட்டிவிடும். சின்ன வால்வு ஆம்ப் அதை மெல்ல வளைத்து அமுக்கும். ஒரே வால்வு கடைசி வேலையைச் செய்கிற பெட்டியில் இரண்டாம் மடங்கு ஓசை, அதாவது அதே ஸ்வரத்தின் மேல் ஸ்தாயி, கூடவே கலந்து வரும். காதுக்கு அது கனமாகவும் இனிமையாகவும் படுகிறது. விரலை லேசாக வைத்தால் தெளிகிறது, அழுத்தினால் பொங்குகிறது. இந்த மாற்றம் முழுக்க உங்கள் விரலில் இருக்கிறது, குமிழைத் தொட வேண்டியதில்லை. வால்வு ஆம்ப்புக்குக் காசு கொடுப்பது இதற்காகத்தான் என்பது என் முடிவு.

குழாயில் கேட்ட கிட்டார் ஏன் எனக்கு அவ்வளவு பிடித்தது என்பதும் பின்னால்தான் விளங்கியது. குழாய் ஸ்பீக்கருக்கு அடிநாதமும் வராது, மிக மெல்லிய உச்சமும் வராது. நடுவில் உள்ளதை மட்டும் ஊருக்கே கேட்கும்படி எறியும். கிட்டார் ஆம்ப்பில் இருக்கும் ஸ்பீக்கரும் ஏறக்குறைய 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் பெரிதாக எதையும் சொல்லாது. பாட்டுக் கேட்கிற ஸ்பீக்கர் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும், கிட்டார் ஸ்பீக்கர் சிலவற்றை விழுங்க வேண்டும். அதனால் புது ஆம்ப்பின் வெளியீட்டை வீட்டு ஹோம் தியேட்டர் பெட்டியில் கொடுத்துப் பார்க்காதீர்கள். கொசு கத்துவதுபோல் இருக்கும்.

உங்கள் நண்பர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. செல்போன், கம்ப்யூட்டர் இவற்றில் வருகிற போலி ஆம்ப்புகள் இன்று மிக நன்றாக இருக்கின்றன. ஓர் இரவில் இருபத்தைந்து சினிமாப் பாட்டு வாசிக்கிற ஆர்கெஸ்ட்ராவில், பாட்டுக்குப் பாட்டு ஓசை மாற வேண்டிய இடத்தில், காலால் மிதிக்கிற பிராசஸர்தான் பிழைப்புக்கு உதவும். அதை விற்றுவிட்டு ஆம்ப் வாங்காதீர்கள். வால்வு ஆம்ப்புக்கு ஒரே குரல்தான். அந்த ஒரு குரலில் எத்தனை சொல்ல முடியும் என்று தேடுகிறவருக்கு அது ஆசிரியர். காலையில் அரை மணி நேரம் அதன் முன்னால் உட்கார்ந்து வாசித்துப் பாருங்கள். ஆறு மாதத்தில் உங்கள் வலது கை மாறியிருக்கும். அதற்குப் பிறகு பிராசஸரில் வாசித்தாலும் அந்தக் கைதான் வாசிக்கும்.

எவ்வளவு பெரியது வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். 5 வாட் போதும். சிரிக்க வேண்டாம். ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் 95 டெசிபல் தருகிற சாதாரண கிட்டார் ஸ்பீக்கரில் 5 வாட் என்றால் 102 டெசிபல். மூடிய அறையில் காது வலிக்கும். 50 வாட் பெட்டி பத்து மடங்கு சக்தி என்றாலும் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்குதான் கேட்கும். வால்வு பொங்க வேண்டுமானால் பெட்டி தன் எல்லைவரை போக வேண்டும், பெரிய பெட்டியை அந்த எல்லைக்குக் கொண்டுபோனால் தெருவே எழுந்து வந்துவிடும். ஃபெண்டரின் பழைய சாம்ப்பில் மொத்தம் மூன்றே வால்வுகள்: ஒரு 12ஏஎக்ஸ்7 (முன்பு சொன்ன ஈ.சி.சி.83தான்), ஒரு 6வி6, மின்சாரத்தை நேராக்க ஒரு 5ஒய்3. ஒரு வால்யூம் குமிழ், எட்டு அங்குல ஸ்பீக்கர், 5 வாட்டுக்குள். எரிக் கிளாப்டன் 1970இல் 'லைலா' இசைத்தட்டுக்கு ஸ்டுடியோவில் வைத்து வாசித்தது இந்தக் குட்டிப் பெட்டியைத்தான். சர்ச்சில் சத்தம் பற்றாவிட்டால் ஸ்பீக்கருக்கு முன்னால் ஒரு மைக்கை வையுங்கள், தீர்ந்தது.

வாக்ஸ் ஏசி4, லேனி கப், புகேரா வி5 போன்ற சின்னப் பெட்டிகள் இந்த வழியில் வந்தவை. எது கிடைக்கிறதோ, எதற்கு உங்கள் பணம் எட்டுகிறதோ அதை வாங்குங்கள். இவற்றுக்குள் ஏற்றத்தாழ்வு பேசி மாதக்கணக்கில் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். பெயரைப் பார்த்து ஏமாறாதிருப்பது முக்கியம். ஃபெண்டர் சாம்பியன் 20, 40 எல்லாம் டிரான்சிஸ்டர் பெட்டிகள், பழைய சாம்ப் போலவே உடுத்தியிருக்கும். சிலவற்றில் முன்பக்கம் ஒரு வால்வு எரியும், கடைசி வேலையைச் செய்வது டிரான்சிஸ்டராக இருக்கும். பின்பக்கம் குனிந்து பாருங்கள். ஒரு சின்ன வால்வு, அதைவிடப் பெரிதாக இன்னொரு வால்வு, இரண்டு இரும்பு டிரான்ஸ்ஃபார்மர். இவ்வளவும் கண்ணில் பட்டால்தான் அது நான் சொல்கிற பெட்டி.

இனி நம் ஊர் மின்சாரம். இதை மட்டும் மெதுவாகப் படியுங்கள்.

பெட்டி 230 வோல்ட்டுக்குச் செய்தது. வால்வின் உள்கம்பிக்குக் கிடைக்க வேண்டியது 6.3 வோல்ட், பத்து சதவீதம் கூடலாம், குறையலாம். மோட்டார்கள் ஓடும் நேரத்தில் கிராமத்துக் கடைசிக் கம்பத்தில் வோல்டேஜ் 180க்கு இறங்கினால் அந்தக் கம்பிக்கு 4.9 வோல்ட்தான் போகும். அரைச் சூட்டில் வேலை வாங்கினால் வால்வு சீக்கிரம் சாகும். நள்ளிரவில் 255க்கு ஏறினால் 7 வோல்ட் போகும், அதுவும் ஆயுளைக் குறைக்கும். டிவிக்கு வைக்கிற ஸ்டெபிலைசர் மாதிரி ஒன்று கட்டாயம். வீட்டு இன்வெர்ட்டர் சைன் வேவ் வகையா என்று பாருங்கள். பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஆம்ப் தேனீக் கூடு மாதிரி இரையும். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த பெட்டி என்றால் அது 120 வோல்ட், நேராகச் செருகினால் அன்றோடு முடிந்தது. இறக்கிக் கொடுக்கிற டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும்.

ஓர் ஆச்சரியம் சொல்கிறேன். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கண்டன்சர் தளர்ந்த பெட்டியில் கேட்கிற ஹம் அதன் இரட்டிப்பு, 100 ஹெர்ட்ஸ். உங்கள் கிட்டாரின் ஆறாவது கம்பியில் மூன்றாம் கட்டத்தை அமுக்கினால் வரும் ஜி ஸ்வரம் 98 ஹெர்ட்ஸ். ஏறக்குறைய ஒன்றுதான். சித்தப்பாவின் பெட்டி சூடாகும்போது கேட்ட 'ம்ம்' என் காதில் சுருதிப்பெட்டி மாதிரி நின்றதற்குக் காரணம் அதுவாக இருக்கலாம். பெட்டியில் ஹம் கூடியிருக்கிறதா என்று பார்க்க அந்தக் கட்டத்தை அமுக்கி ஒப்பிட்டுப் பாருங்கள். அதோடு சேர்ந்தால் பெட்டிக்குள் கண்டன்சரைச் சந்தேகப்படுங்கள். ஒரு ஸ்தாயி கீழே கேட்டால் எர்த்தையும் ஒயரையும் பாருங்கள்.

எர்த் என்றதும் எனக்கு உசிலம்பட்டிப் பக்கம் ஒரு திருவிழா மேடை ஞாபகம் வருகிறது. ஜெனரேட்டரில் ஓடிய கச்சேரி. எர்த் கிடையாது. இடது கை கிட்டார் கம்பியில் இருக்க, சேர்ந்து பாடுவதற்காக மைக்கில் உதட்டை வைத்தேன். நெருப்புக் கங்கை உதட்டில் வைத்து அழுத்தியது போல் இருந்தது. பின்னால் விழுந்தேன், கிட்டாரின் கழுத்து முறிந்தது. கம்பி ஒரு பெட்டியின் வழியாக வருகிறது, மைக் வேறொரு பெட்டியின் வழியாக வருகிறது. இரண்டுக்கும் நடுவில் இருந்த வோல்டேஜுக்கு நான் ஒயராகிவிட்டேன். ஒலிபெருக்கிக்காரர்களில் மூத்தவர் ஒருவர் மேடைக்குப் பின்னால் ஓர் இரும்புக் கம்பியை அடித்து இறக்கி, ஒரு குடம் தண்ணீரை ஊற்றி, ஜெனரேட்டரையும் எல்லாப் பெட்டிகளையும் அதில் சேர்த்துக் கட்டினார். மீதிக் கச்சேரி நடந்தது. நான் வாசிக்கவில்லை, கை நடுங்கிக்கொண்டிருந்தது.

அதனால் சொல்கிறேன். மூன்றாவது பின்னை ஒருபோதும் வெட்டாதீர்கள். ஹம் குறைகிறது என்று யார் சொன்னாலும் வெட்டாதீர்கள். பழைய வீடுகளில் மூன்று துளைப் பிளக் இருக்கும், பின்னால் எர்த் ஒயர் எங்கேயும் போகாது. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சோதித்துப் பாருங்கள். இல்லையென்றால் குழி தோண்டி, குழாய் இறக்கி, கரியும் உப்பும் போட்டு எர்த் போடச் சொல்லுங்கள். சித்திரை வெயிலில் நம் மண் காய்ந்து வெடிக்கும், எர்த் குழியில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். மேடையில் வாயை மைக்கில் வைக்கும் முன் மீட்டரின் ஒரு முனையைக் கம்பியிலும் மறு முனையை மைக்கின் உடம்பிலும் வைத்துப் பாருங்கள். சில வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அது சரியாகும்வரை தொடாதீர்கள், கூட்டம் கத்தினாலும் சரி.

இரண்டாவது, ஸ்பீக்கர் ஒயர் இல்லாமல் பெட்டியை எரியவிடக் கூடாது. டிரான்சிஸ்டர் பெட்டி அதைப் பொறுத்துக்கொள்ளும். வால்வுப் பெட்டியில் வெளியே போக வழியில்லாத சக்தி கடைசி டிரான்ஸ்ஃபார்மரின் காயிலைச் சுட்டுவிடும். பெட்டியில் மிக விலை கூடிய பாகங்களில் அது ஒன்று. 8 ஓம் என்று எழுதியிருந்தால் 8 ஓம் ஸ்பீக்கர்தான்.

வெயிலைப் பற்றிப் பயப்பட வேண்டாம். வால்வு நம் வெயிலைவிடப் பல மடங்கு சூட்டிலேயே வாழ்வது. பெட்டியின் முதுகைச் சுவரோடு ஒட்டாமல் அரை அடி விடுங்கள். அணைத்த உடனே தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள், சூட்டோடு இருக்கிற உள்கம்பி அதிர்ச்சி தாங்காது. ஆறிய பிறகு ஒரு பருத்தித் துண்டைப் போர்த்துங்கள். ஆடிக் காற்றுக்குத் தூசி, மற்ற நாளில் பல்லி. இரண்டும் உள்ளே போகும்.

இனி நான் இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன். பெட்டி வாங்குவது ஒரு நாள் வேலை. அதை இருபது வருடம் உயிரோடு வைத்திருப்பது வேறு விஷயம். என் 5 வாட் பெட்டி வெளியூரிலிருந்து பார்சலில் வந்தது. மூன்றாம் வாரம் பட்பட்டென்று வெடிக்கிற சத்தம், பிறகு ஊமை. விற்ற கடையில் திருப்பி அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினால் மாதக்கணக்கு, வழியில் கண்ணாடி உடைந்தால் அதுவும் என் தலையில். பெட்டியைத் துண்டில் சுற்றி டவுன் ஹால் ரோட்டுக்குக் கொண்டுபோனேன். கடை கடையாகக் கேட்டேன். செல்போன் கடைப் பையன்கள் வால்வைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை. கடைசியில் ஒரு கண்டன்சர் கடைக்காரர், வேலையை விட்டு வீட்டில் இருக்கிற பழைய ரேடியோ மெக்கானிக் ஒருவரின் வீட்டைக் காட்டினார். எழுபது தாண்டியவர். கிட்டார் ஆம்ப்பை அவர் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

திருகுகளைக் கழற்றிக் கவிழ்த்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு நிமிடம் பார்த்தார். "இது நம்ம ரேடியோவோட பின்பாதி தம்பி. ஸ்டேஷன் பிடிக்கிற முன்பாதி மட்டும் இல்ல" என்றார்.

பிறகு அவர் செய்ததை நான் மூச்சுவிடாமல் பார்த்தேன். முதலில் இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். பிளக்கைப் பிடுங்கி வைத்தாலும் பெரிய கண்டன்சர்களில் 300 வோல்ட் தங்கியிருக்கும், இரண்டு கையையும் உள்ளே விட்டால் அது நெஞ்சு வழியாகப் பாயும் என்று சொல்லிக்கொடுத்தார். ஒயரில் கட்டிய ரெசிஸ்டர் ஒன்றால் அந்தக் கண்டன்சர்களைத் தொட்டு வடித்தார். மீட்டரில் பூஜ்யம் காட்டிய பிறகுதான் இன்னொரு கை வெளியே வந்தது. மரக்குச்சியால் ஒவ்வொரு இணைப்பாகத் தட்டினார். வால்வு சாக்கெட்டின் ஒரு காலில் ஈயம் சரியாகப் பற்றவில்லை. விலை குறைந்த பெட்டிகளில் சாக்கெட் நேராகப் பலகையிலேயே உட்கார்ந்திருக்கும், சூட்டில் விரிந்து சுருங்கி அங்கேதான் முதலில் விடும் என்றார். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துப் புது ஈயம் வைத்தார். மூடி, சுவிட்சைப் போட்டு, "சூடாகட்டும்" என்றார்.

நாற்பது வருடம் கழித்து அந்த வார்த்தையைக் கேட்டேன்.

வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஓரம் பொங்குகிற இடம் வந்ததும் கண்ணைத் திறந்து, "இதைக் குறைக்கத்தான் நாங்க அந்தக் காலத்துல பாடுபட்டோம்" என்றார். பணம் வாங்கவில்லை. இன்னொரு நாள் வந்து வாசிக்கச் சொன்னார். அதற்குப் பிறகு மாதம் ஒரு முறை போகிறேன். ஈயம் பற்றவைக்க, மீட்டர் பார்க்க, சர்க்யூட் படிக்கக் கற்றுக்கொடுக்கிறார். அவருடைய பிள்ளைகள் யாரும் இந்த வேலைக்கு வரவில்லை. அவர் மாதிரி எத்தனை பேர் இந்த ஊரில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள், தம்பி. ஐம்பது வருட வால்வு அறிவு அவர்கள் விரலில் இருக்கிறது, கேட்க ஆள் இல்லை. மேலூரில் தேடுங்கள், திருமங்கலத்தில் தேடுங்கள். ஆம்ப் வாங்கும் முன்பே ஒருவரைக் கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று வால்வு, இருபது முப்பது பாகம் உள்ள எளிய பெட்டியைத்தான் வாங்க வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வதற்கு விலை மட்டும் காரணம் இல்லை. அவரால் திறந்து பார்த்துப் படிக்க முடிகிற பெட்டி அது, ஒரு நாள் உங்களாலும் முடியும்.

வால்வு கிடைக்குமா என்பது உங்கள் கடைசிக் கேள்வி. இன்று கிட்டார் ஆம்ப் வால்வுகள் பெரும்பாலும் மூன்று நாடுகளிலிருந்து வருகின்றன: ரஷ்யாவின் சரட்டோவ், ஸ்லோவாக்கியாவில் ஜேஜே கம்பெனி, பிறகு சீனா. 2022இல் உக்ரைன் போர் தொடங்கியதும் ரஷ்ய வால்வு ஏற்றுமதி நின்றுபோகும் என்று செய்தி வந்து உலகம் முழுக்க விலை ஏறியது. பிறகு வரத்து திரும்பியது, விலை முழுதாகத் திரும்பவில்லை. ஆகவே பெட்டி வாங்கும்போதே ஒரு செட் வால்வு கூடுதலாக வாங்கிப் பஞ்சில் சுற்றி வையுங்கள். அளவோடு வாசித்தால் சின்ன வால்வு பல வருடம் வரும். பெரியதைத்தான் இடையில் மாற்ற வேண்டியிருக்கும்.

சித்தப்பா காலமான பிறகு அவருடைய மருந்து டப்பா ஒன்றில் பஞ்சுக்குள் இரண்டு வால்வுகள் கிடைத்தன. பெல் முத்திரை, இ.எல்.84. மெக்கானிக் சோதித்துப் பார்த்தார், இரண்டும் நல்ல நிலையில் இருக்கின்றன. ஒன்று என் பெட்டியில் எரிகிறது. மற்றதை உங்களுக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன். அந்த வால்வு போடுகிற பெட்டியாக நீங்கள் வாங்கினால் ஒரு ஞாயிறு சர்ச் முடிந்ததும் மதுரைக்கு வாருங்கள். அவர் வீட்டுக்கே போய்விடலாம். வரும்போது பெட்டி ஆறியிருக்கட்டும், ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றாமல் கொண்டுவாருங்கள்.

அன்புடன்,
சோழவந்தான்காரன்